பூட்டுக்காவும் தூங்கிப்போன கதவும்

ஆபீஸில் எல்லாருக்கும் அவள் பூட்டுக்கா. யார் எந்தக் கோளாறைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், திரையைப் பார்க்கும் முன்பே "பூட்டு போட்டியா?" என்றுதான் கேட்பாள். ஒரே தகவலை இரண்டு பேர் தொடுகிற இடத்தில், ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் நுழையாதபடி புரோகிராமில் ஒரு பூட்டு வைக்க வேண்டும். அதைத்தான் கேட்கிறாள் என்று புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்குப் புரியக் கொஞ்ச நாளாகும். அதுவரை அவர்கள் தங்கள் டிராயரைப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வருவார்கள்.

கம்பெனி சின்னது. லிஃப்டுகளுக்கு கன்ட்ரோல் போர்டு செய்கிறது. கையகலப் பலகைதான், ஆனால் அதற்குள் ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம், அதன் மையமாக கெர்னல், கெர்னலுக்குள் ஷெட்யூலர். கதவைத் திறப்பது, மோட்டாரை ஓட்டுவது, பட்டனைக் கவனிப்பது என்று லிஃப்டுக்கு ஓயாத வேலைகள் உண்டு. ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். யாருக்கு இப்போது முறை, யார் தூங்கலாம், யாரை எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது ஷெட்யூலர். அந்தப் பகுதியில் கை வைக்க மற்றவர்களுக்குப் பயம். பயம்கூட இல்லை, ஒருமுறை தொட்டால் அப்புறம் அது தன் தலையில் விழுந்துவிடும் என்கிற விவரம். அப்படித்தான் அது பூட்டுக்கா தலையில் விழுந்தது. விழுந்தது இறங்கவேயில்லை.

ஐம்பதைத் தாண்டியிருந்தாள். கிட்டப்பார்வைக்கு ஒன்று, தூரப்பார்வைக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி. ஒன்று மூக்கில் இருக்கும்போது மற்றது தலையில் இருக்கும், அதைத்தான் தேடிக்கொண்டிருப்பாள். வருஷ ஆரம்பத்திலேயே மேனேஜரிடம் சொல்லிவிட்டாள், இந்த வருஷத்தோடு போதும் என்று. மேனேஜர் அவளைவிட ரொம்பச் சின்னவர். காரியம் ஆக வேண்டியிருந்தால் "அக்கா" என்பார், கோபம் வந்தால் "மேடம்" என்பார். அன்றைக்கு "பார்க்கலாம்க்கா" என்றார். அவள் அதை சரி என்றும் எடுத்துக்கொள்ளவில்லை, இல்லை என்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். முதுகெலும்பில் தட்டு நழுவி, ஆபரேஷன் ஆகி, சீட்டில் சேர்ந்தாற்போல உட்கார முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டார். இப்போது சமையல் அவர் பொறுப்பு, துணி துவைப்பதும் அவர்தான். பகலெல்லாம் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் சேர்த்து வைத்திருப்பதை அவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். அவளுக்கோ அந்த நேரத்தில் ஒரு சொல்கூட உள்ளே போக இடமிருக்காது.

"நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது."

"என்ன சொன்னேன்?"

"பக்கத்து வீட்டுக்காரர் தண்ணி டேங்க்."

"அது நேத்து."

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தட்டை அவள் முன்னால் நகர்த்திவிட்டு, இன்றைய செய்தியை முதலிலிருந்து சொல்லுவார்.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில் மேனேஜர் அவள் மேஜைக்கு வந்து நின்றார். குடையை மடக்கக்கூட இல்லை.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சு. இந்தத் தடவை உள்ள பேஷண்ட் இருந்திருக்கார்."

பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இருந்த லிஃப்டுகள் எல்லாவற்றிலும் இவர்கள் போர்டுதான். ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் லிஃப்டை மட்டும் ஓட்டுவதற்கு ஒரு ஆள் உண்டு. ஸ்ட்ரெச்சர் ஏறுகிற லிஃப்ட் என்பதால், சாவி போட்டு அவர் கையில்தான் அது ஓடும். முந்தின நாள், குடல்வால் வீங்கி வலியில் துடித்த ஒரு நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு மேலே போயிருக்கிறார்கள். கூட ஒரு நர்ஸ், அப்புறம் லிஃப்ட்காரர். லிஃப்ட் சரியான மாடியில் சரியாகத்தான் போய் நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை. வெளியே நோயாளியின் மனைவி மாடிப்படியில் ஓடிவந்து நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். வேறொரு கட்டிடத்தில் வேலையாயிருந்த லிஃப்ட் மெக்கானிக் வந்து, கரண்ட்டை நிறுத்திப் போட்ட பிறகுதான் கதவு ஒன்றுமே நடக்காதது மாதிரி திறந்தது. கதவு திறப்பதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. ஆள் பிழைத்துவிட்டார், ஆனால் வீடு திரும்ப ரொம்ப நாளாகும் என்றார்கள்.

இதற்கு முன்பும் இதே லிஃப்ட் இதே மாதிரி நின்றிருக்கிறது. லிஃப்ட்காரர் மட்டும் உள்ளே இருந்த நேரம் என்பதால் பெரிதாகவில்லை. மெக்கானிக் கதவு மோட்டாரை மாற்றினார், சென்சாரை மாற்றினார், வயரை மாற்றினார். இனி மாற்றுவதற்கு லிஃப்ட்காரர் மட்டும்தான் பாக்கி என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் அவரை மாற்றிவிட்டது. மற்ற லிஃப்டுகள் நிற்பதில்லையே, இவர் ஓட்டுவது மட்டும்தானே நிற்கிறது, கண்டபடி பட்டனை அழுத்தியிருப்பார் என்பது அவர்கள் கணக்கு. கீழ்த்தளத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற துணி அறைக்கு அவரை அனுப்பிவிட்டார்கள்.

பூட்டுக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கதவு டாஸ்க் தூங்கிட்டு எழுந்திருக்கலை போல," என்றாள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு அலுப்பு வந்துவிட்டது. எப்போதாவது ஒருமுறை வந்து, பார்க்கப் போனால் ஒளிந்துகொள்கிற கோளாறு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

ஆபீஸ் மூலையில் ஒரு போர்டையும் நிஜக் கதவு மோட்டாரையும் இணைத்து ஓடவிட்டார்கள். திற, மூடு, திற, மூடு. அந்தச் சத்தத்தில் கணக்குப் பிரிவிலிருந்தவர் இடத்தையே மாற்றிக்கொண்டு போய்விட்டார். கோளாறு வரவில்லை. சோதனை வேலையைப் பார்ப்பது ஒரு சின்னப் பெண். எல்லாரும் டெஸ்டர் என்பார்கள். கைக்குழந்தைக்காரி, தூக்கம் போதாத முகம், வாய் மட்டும் கூர்மை. டெஸ்டர், டாஸ்க் போகிற இடமெல்லாம் 'இங்கே வந்தேன், அங்கே போனேன்' என்று திரையில் அச்சடிக்கிற வரிகளைச் சேர்த்து, அதை ஆஸ்பத்திரி போர்டில் ஏற்றிவிட்டு வந்தாள். லிஃப்ட் அதற்கப்புறம் நிற்கவேயில்லை.

"சரியாப்போச்சுல்ல?" என்றார் மேனேஜர். "அந்த பிரின்ட் வரிகளை அப்படியே விட்டுடுங்க. எல்லா இடத்துக்கும் அதையே அனுப்பிடலாம்."

"சரியாகலை. பிரின்ட் பண்ண நேரம் எடுக்குது. அந்த நேரத்துல ரெண்டு டாஸ்க்கும் ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்காம விலகிப் போயிடுது. கோளாறு போகலை, தள்ளி நிக்குது."

"தள்ளியே நிக்கட்டுமே."

"அடுத்த வருஷம் வேகமான போர்டு வருது. அப்போ கிட்ட வந்துடும்."

"அப்போ பாத்துக்கலாம்."

"அப்போ நான் இருக்க மாட்டேன்."

மேனேஜர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரிங்க மேடம்," என்றார். "என்ன வேணும் சொல்லுங்க."

அவள் கேட்டது இவ்வளவுதான். ஆபரேஷன்கள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த லிஃப்ட் தனக்கு வேண்டும். அதை ஓட்ட அந்த லிஃப்ட்காரரே வேண்டும். அவர் ஓட்டினால்தான் நிற்கிறது என்று அவர்களே சொல்லியிருந்தார்களே.

பிரின்டுக்குப் பதிலாக வேறொரு வழி செய்திருந்தாள். ஒவ்வொரு டாஸ்க்கும் போகிற போக்கில் ஒரே ஒரு எண்ணை போர்டின் நினைவகத்தில் எழுதிவிட்டுப் போகும். அதற்கு ஆகும் நேரம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம், அதனால் கோளாறு பயந்து ஒளியாது. ஒரே ஒரு சங்கடம். கரண்ட் போனால் நினைவகமும் போய்விடும். லிஃப்ட் நின்றால், கரண்ட்டை நிறுத்தும் முன்பே அதிலிருப்பதைப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்டரும் மெக்கானிக்கும் மொட்டைமாடி மெஷின் ரூமில் லேப்டாப்போடு உட்கார்ந்தார்கள். பூட்டுக்கா கீழே லிஃப்ட் வாசலில் நின்றாள். லிஃப்ட்காரர் துணி அறையிலிருந்து ஏறி வந்தார். நரைத்த மீசை, சட்டையில் சோப்பு வாசனை. வந்தவர் வாசலோடு நின்றுவிட்டார்.

"நான் வெளிய நின்னு சொல்றேன்மா. நீங்க அழுத்துங்க."

"நான் அழுத்தினா அது நான் அழுத்தற மாதிரிதான் இருக்கும். உங்க கைப்பழக்கம் வேணும்."

"மாட்டிக்கிச்சுன்னா?"

"மாட்டிக்கணும்னுதான் வந்திருக்கேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூலையில் கிடந்த ஸ்டூலை எடுத்தார். "நீங்களும் உள்ள வர்றீங்களா?"

"வர்றேன்."

ஏறினார்கள், இறங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்று, திறந்து, மூடி, மறுபடி ஏறினார்கள். நேரம் போகப்போக அவருடைய பயம் கொஞ்சம் தளர்ந்து, கை பழைய வேகத்துக்கு வந்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் முழுசாக நிற்பதற்குச் சற்று முன்பே அவர் விரல் திறக்கும் பட்டனுக்குப் போய்விடுகிறது. அவள் பார்ப்பதை அவரும் கவனித்துவிட்டார்.

"ஸ்ட்ரெச்சரை வெச்சுக்கிட்டு நிப்பாங்க இல்லையா. அதனால கொஞ்சம் முன்னாடியே அழுத்திடுவேன். அது தப்பாம்மா?"

"பட்டன் அழுத்தறதுக்குத்தான் இருக்கு," என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு லிஃப்ட் ஒரு மாடியில் போய் நின்றது. கதவு திறக்கவில்லை. அவர் மறுபடி அழுத்தினார். பட்டனில் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். லிஃப்டுக்குள் இருந்த இன்டர்காம் கரகரத்தது.

"அக்கா, நின்னுடுச்சு," என்றது டெஸ்டரின் குரல். பின்னால் மெக்கானிக், "ஆஃப் பண்ணிப் போட்டுடவா?" என்று கேட்பது கேட்டது.

"யாரும் கை வைக்காதீங்க. முதல்ல காப்பி எடு."

"எடுக்கறேன். மெதுவாத்தான் வருது, அந்த வயர் அப்படி. நேரம் ஆகும்."

பூட்டுக்கா திரும்பிப் பார்த்தாள். லிஃப்ட்காரர் கதவோடு முதுகை ஒட்டி நின்றிருந்தார். நெற்றி முழுக்க வேர்வை. கைக்குட்டையை எடுத்தவர் துடைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தார். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோளாறைப் பிடிக்கிற மும்முரத்தில், இந்த மனுஷரை அதே பெட்டிக்குள் மறுபடியும் அடைத்துவிட்டோம். இதற்காக எத்தனையோ வாரமாகக் காத்திருந்தாள். இதை விட்டால் மறுபடி எப்போது மாட்டும் என்று தெரியாது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கொஞ்ச நேரம் ஆகும்ங்க. உங்களால முடியலைன்னா சொல்லுங்க, இப்பவே கரண்ட்டை எடுக்கச் சொல்லிடறேன். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"கரண்ட்டை எடுத்தா?"

"உள்ள இருக்கறது அழிஞ்சிடும்."

"உள்ள இருக்கறதை எடுத்துட்டா, நான் எதுவும் பண்ணலைன்னு தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன். அடிச்சுச் சொல்ல முடியாது."

அவர் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். "எடுக்கச் சொல்லுங்கம்மா. நான் உக்காந்திருக்கேன்."

அவள் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு அந்தம்மா வெளிய நின்னு திறங்க, திறங்கன்னு தட்டிட்டே இருந்தாங்க. நான் 'இதோ, இதோ'ன்னு சொல்லிட்டே இருந்தேன். என் கையில ஒண்ணும் இல்லை, ஆனாலும் 'இதோ'ன்னுதான் வருது. எத்தனை தடவை சொன்னேனோ. இப்பல்லாம் வீட்ல யாராவது கூப்பிட்டா 'இதோ'ன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. பேசாம எழுந்து போயிடறேன். என் பொண்டாட்டி, காது கேக்கலையான்னு கேக்கறா."

"சொன்னீங்களா அவங்ககிட்ட?"

"என்னன்னு சொல்றது?"

அவள் 'ம்' என்றாள். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டு போனார், துணி அறையைப் பற்றி, விரிப்புகளை எப்படி மடிக்கிறார்கள் என்பதைப் பற்றி. கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். பல நாள் அலுப்பு அவளைக் கேட்காமலே கண்ணைச் சாத்தியது. வாயை லேசாகத் திறந்தபடி, தலையில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியுமாக, நின்றுபோன லிஃப்டுக்குள் பூட்டுக்கா தூங்கிவிட்டாள்.

இன்டர்காம் மறுபடி கரகரத்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. பின்னால் நடந்ததை டெஸ்டர் ஆபீஸ் முழுக்க நடித்துக் காட்டினாள்.

"அக்கா, முடிஞ்சிடுச்சு. கரண்ட்டை எடுக்கலாமா?"

லிஃப்ட்காரர்தான் பதில் சொன்னார், கிசுகிசுவென்று. "அம்மா தூங்கறாங்க. மெதுவாப் பேசுங்க."

"தூங்கறாங்களா? எங்க?"

"இங்கதான். அவசரம் இல்லைன்னா கொஞ்ச நேரம் போகட்டுமே."

மேலே மெக்கானிக்கும் டெஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். சுவிட்சை அணைக்கப் போன கையை மெக்கானிக் இறக்கிக்கொண்டாராம்.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அவளே சொன்னாள். அவர் கதவோரம் நின்றபடி கேட்டுக்கொண்டார். உட்கார்வதைவிட நிற்பதுதான் அவர் முதுகுக்கு ஒத்துவரும்.

"லிஃப்டுக்குள்ளயா தூங்கின?"

"தெரியாமத் தூங்கிட்டேன்."

"இப்படியே போனா உடம்பு தாங்காது. விட்டுடேன் வேலையை."

"விட்டுட்டு?"

"ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கலாம்."

"அதுக்கு அந்த லிஃப்டே தேவலை," என்றாள். அவர்தான் முதலில் சிரித்தார். சிரித்தால் முதுகு வலிக்கும், அதனால் அவர் சிரிப்பு எப்போதும் பாதியில் நின்றுவிடும். அன்றும் நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிடு" என்றார்.

மறுநாள் எடுத்து வந்த எண்களை டெஸ்டரும் அவளும் விரித்து வைத்துப் பார்த்தார்கள். போர்டில் இரண்டு கோர்கள் உண்டு, இரண்டு தனித்தனி மூளை மாதிரி. இரண்டும் எழுதிய எண்களை நேரப்படி பக்கம்பக்கமாக அடுக்கினால் யார் எப்போது என்ன செய்தார்கள் என்று தெரியும். கடைசிச் சில வரிகளில் விஷயம் அப்பட்டமாகக் கிடந்தது.

கதவு டாஸ்க் தன் வேலையை முடித்துவிட்டு, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறது. ஒன்றுமில்லை, சரி தூங்கலாம் என்று முடிவு செய்கிறது. அப்படி முடிவு செய்வதற்கும், 'தூங்குகிறேன்' என்று ஷெட்யூலரிடம் பதிவு செய்வதற்கும் நடுவே கண்ணிமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில், அடுத்த கோரில் ஓடும் பட்டன் டாஸ்க் 'கதவைத் திற' என்ற வேலையைக் கொண்டுவந்து வைக்கிறது. எழுப்ப வேண்டுமா என்று பார்க்கிறது. கதவு டாஸ்க் விழித்திருப்பதாகத்தான் இன்னும் பதிவில் இருக்கிறது. விழித்திருப்பவரை எதற்கு எழுப்புவது என்று அது தன் வழியே போய்விடுகிறது. கதவு டாஸ்க் அதற்கப்புறம் தூங்கப்போகிறது. வேலை பக்கத்திலேயே கிடக்கிறது, எழுப்பத்தான் ஆளில்லை. மறுபடி பட்டனை அழுத்தினாலும் பயனில்லை. ஏற்கெனவே சொல்லியாயிற்று என்று பட்டன் டாஸ்க் அதைக் கண்டுகொள்வதில்லை.

லிஃப்ட்காரரின் விரல் சற்று முந்தியதால்தான் அந்த வேலை அந்த இடைவெளியில் போய் விழுந்தது. வேறு யார் அப்படி அழுத்தியிருந்தாலும் விழுந்திருக்கும்.

"இது எப்படிக்கா இத்தனை வருஷம் தெரியாம இருந்துச்சு?" என்று டெஸ்டர் கேட்டாள்.

பூட்டுக்கா பழைய புரோகிராமைத் திறந்து காட்டினாள். ஆரம்ப காலத்துப் போர்டில் ஒரே கோர்தான். தூங்கப் போகிற அந்த நேரத்துக்கு 'யாரும் குறுக்கே வராதீங்க' என்று கோரிடம் சொல்லிவிட்டால் போதும், யாரும் வர முடியாது. இரண்டு கோர் போர்டுக்கு மாறியபோது அந்த வரி அப்படியே இருந்துவிட்டது. ஒரு கோரிடம் சொன்னது இன்னொரு கோருக்குக் கேட்காது. மாறிய சமயத்தில் புரோகிராமை எல்லாரும் படித்தார்கள், அவளும்தான். சரியாக எழுதப்பட்ட வரி என்பதால் யார் கண்ணும் அதில் நிற்கவில்லை.

மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். முதலில் 'தூங்கப் போகிறேன்' என்று பதிவு செய்ய வேண்டும், அதற்குப் பிறகே கடைசியாக ஒருமுறை வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தூக்கத்தைக் கைவிட வேண்டும். இவ்வளவும் ஒரு பூட்டுக்குள் நடக்க வேண்டும், எழுப்ப வருபவரும் அதே பூட்டை எடுத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பூட்டுக்கா எழுதினாள். டெஸ்டர் மூலைப் போர்டில் ஏற்றினாள். கதவு சில தடவை திறந்து மூடி, அப்படியே நின்றது.

"அக்கா, முன்னாடி கதவு மட்டும்தான் தூங்குச்சு. இப்போ மொத்தக் குடும்பமும் தூங்கிடுச்சு," என்றாள் டெஸ்டர்.

பூட்டைக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் அதே கோரில் வேறொரு அவசர வேலை குறுக்கே வந்து, அதுவும் அதே பூட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. முன்னது முடியாமல் பின்னதால் நகர முடியாது, பின்னது நகராமல் முன்னதால் முடிக்க முடியாது. அவசரத்தில் பழைய 'குறுக்கே வராதீங்க' வரியைத் தானே எடுத்துவிட்டிருந்தாள். அதுவும் வேண்டும், பூட்டும் வேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், அந்த வரியைத் திருப்பிப் போட்டாள். கதவு ஓட ஆரம்பித்தது. அந்த இடைவெளியில் வேண்டுமென்றே ஒரு தாமதத்தை நுழைத்து, பழைய புரோகிராமையும் புதியதையும் ஓட்டினார்கள். பழையது உடனே நின்றது. புதியது நிற்கவில்லை. வாரக்கணக்கில் ஓடவிட்டும் நிற்கவில்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கெர்னல் முழுக்க அதே மாதிரி எழுதிய இடங்களைத் தேடினாள். மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தில் ஒன்று, அபாய மணிக்கு ஒன்று, இன்னும் இரண்டு. ஒவ்வொன்றையும் தனியாக மாற்றி, தனியாகச் சோதிக்க வேண்டியிருந்தது. அந்த மாதத்தில் தோள்பட்டை வலியோடு எழுந்து தோள்பட்டை வலியோடு படுத்தாள். மகள் போனில் கூப்பிட்டால்கூட, "அப்பாகிட்ட பேசு, எல்லாம் அவர் சொல்லுவார்" என்று கொடுத்துவிடுவாள்.

மேனேஜர் மாற்றங்களைப் பார்த்தார். "இந்த நாலு வரிக்கா இவ்வளவு நாள்?"

"நாலு வரி எழுத நாழியாகலை. எந்த நாலுன்னு தெரியத்தான் இத்தனை நாள்," என்றாள் டெஸ்டர்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மேனேஜர் ஒரு அறிக்கை தயாரித்தார். 'மென்பொருளில் மேம்பாடு செய்யப்பட்டுள்ளது' என்று இருந்தது. அவ்வளவுதான்.

"கோளாறு நம்ம போர்டுலதான்னு எழுதுங்க. லிஃப்ட் ஓட்டினவர் மேல தப்பு இல்லைன்னும் எழுதுங்க."

"அக்கா, அப்படியெல்லாம் நம்மளே நம்ம தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்க முடியாது."

"அவர் தலையில ஏற்கெனவே போட்டாச்சு."

"மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

"அப்போ இது சரியாயிடுச்சுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை. சொல்லிவிட்டு, தலையிலிருந்த கண்ணாடியைத் தேடினாள். மேனேஜர் மேலிடத்துக்கும் இவளுக்குமாக நடந்தார். கடைசியில், 'கோளாறு கன்ட்ரோல் போர்டில் இருந்தது, லிஃப்டை இயக்கியவரின் செயல் காரணமல்ல' என்று ஒரு வாக்கியம் சேர்ந்தது. அவள் கேட்டதில் பாதிதான் அது. அந்த நோயாளியின் குடும்பத்துக்கு என்ன சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதற்கு, அதை வக்கீல் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள். அந்தப் பதில் அவளுக்குள் கசப்பாகத் தங்கிவிட்டது.

புதிய புரோகிராமை ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போனபோது கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் லிஃப்ட்காரரைப் பார்த்தாள். அவர் விரிப்புகளின் நடுவே உட்கார்ந்திருந்தார்.

"கூப்பிட்டுச் சொன்னாங்கம்மா, உன் மேல தப்பு இல்லையாம்னு. திரும்ப லிஃப்டுக்கு வர்றியான்னும் கேட்டாங்க."

"எப்போ போறீங்க?"

"போகலை. இங்க ஃபேன் நல்லாக் காத்து வருது. கால் நீட்டி உக்காரலாம். தப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க இல்ல, அது போதும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "பொண்டாட்டிகிட்டயும் அன்னிக்கு நடந்ததைச் சொல்லிட்டேன். அழுதா. அப்புறம், இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்னன்னு திட்டினா."

ஒரு விரிப்பின் மறுமுனையை அவளிடம் நீட்டினார். இருவருமாக அதை மடித்தார்கள். அவள் மடித்த பக்கம் கோணலாக இருந்தது. அவர் அதைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டார்.

வருஷம் முடிந்தும் பூட்டுக்கா வேலையை விடவில்லை. விடக்கூடாது என்று முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது. ஊரெல்லாம் இருந்த போர்டுகளில் புதிய புரோகிராமை ஏற்றி முடிக்கவே அடுத்த வருஷத்தின் பாதி போய்விட்டது. ஒவ்வொரு கட்டிடமாக, ஒவ்வொரு மெஷின் ரூமாக ஏறி இறங்கினாள். அது முடியட்டும் என்று நினைத்தாள். முடிந்ததும் டெஸ்டருக்கு ஷெட்யூலரைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். டெஸ்டரோ, "சொல்லிக்கொடுத்தா நீங்க போயிடுவீங்க, எனக்கு வேண்டாம்" என்று சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம் மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது. கடைத்தெருவில் ஒரு கட்டிடம். கதவு திறக்க மாட்டேன் என்கிறது. புதிய புரோகிராம்தான் ஏற்றியிருக்கிறது. எந்த இடத்தை விட்டோம், எந்தப் பூட்டை மறந்தோம் என்று பூட்டுக்காவின் மனசு அதற்குள் ஒவ்வொரு வரியாக ஓடத் தொடங்கிவிட்டது.

"உள்ள ஆள் இருக்காங்களா?"

"இல்லை, காலி. இருங்க, கீழ குனிஞ்சு பார்க்கறேன்."

அவள் நின்றபடியே காத்திருந்தாள். மறுமுனையில் இரும்பைத் தட்டும் சத்தம், மெக்கானிக் முனகும் சத்தம், யாரோ கடைக்காரர் யோசனை சொல்லும் சத்தம்.

"அக்கா, ஒண்ணும் இல்லை. கதவு ஓடற பள்ளத்துல யாரோட கோட் பட்டனோ விழுந்து இறுக்கிட்டிருக்கு. எடுத்துட்டேன். திறந்துடுச்சு."

"நிஜமாவா?"

"கறுப்பு பட்டன். கையில வெச்சிருக்கேன்."

அவள் போனை வைத்தாள். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். எதிரே டெஸ்டர், என்ன என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள்.

"கோட் பட்டனாம்," என்றாள் பூட்டுக்கா. மூக்கிலிருந்த கண்ணாடியைத் தலைக்கும் தலையிலிருந்ததை மூக்குக்கும் மாற்றிக்கொண்டு, காலையில் பாதியில் விட்ட வேலையைத் திறந்தாள்.